கொத்து வெச்சவங்க தோத்தாங்க

— ஹுஸ்காக் களை பூ விட்டுருச்சு அண்ணி. ஊதா ஊதாவா, கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு. பிடுங்கிடுங்களேன்.

— நான் எதுக்குத் தம்பி? உன் நிலம். நீயே மகராசனா பிடுங்கிக்க.

— எட்டு வருஷமா ஹுலியாக்கா டவுன் கோர்ட்டுல ‘என் புருஷன் நிலம்’னு அழுதது யாரு? சட்டப்படி உங்களுதுதான்.

— அங்க அழுதேன். இங்க மனசு மாறிட்டேன். செத்துப்போன உங்க அண்ணன் கனவுல வந்தாரு. ‘மெலித்தோனா, அந்தத் துண்டு நிலத்தை என் தம்பி குமெர்சிந்தோவுக்கே விட்டுடு, களையோட விட்டுடு’ன்னாரு.

— எங்க அண்ணன் உசிரோட இருந்தப்பவே அவ்வளவு நீளமாப் பேசினதில்லையே.

— நீ பேச விட்டாத்தானே?

— நீங்க விட்டீங்களாக்கும்! கொத்து வெச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? களை பிடுங்கினவங்களுக்கு நிலம்ங்கிறது ஊர் வழக்கம். நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் ஊர்ச் சபைத் தலைவர் அதைத் தலைகீழாக்கிட்டாரு. வழக்காடுற ரெண்டு பேர்ல யார் முதல்ல அங்க களைக்கொத்து வெச்சாலும், அவங்க கேஸ் தோத்தாச்சு.

— நம்மளை நல்லாப் புரிஞ்ச மனுஷன். ஹுஸ்காவுக்குத்தான் யோகம். வெட்ட ஆளில்லை, மழை வேற தினம் வந்து குசலம் விசாரிச்சுட்டுப் போகுது. நெருக்கமா வளர்ந்து நிக்குது, விஷம்.

— அதைத் தின்ன உங்க வெள்ளை அல்பாகாக் கிடா எப்படி இருக்கு?

— இருக்கு. தலை ஒரு பக்கம் ஆடுது, நாலு காலும் நாலு ஊருக்குப் போகுது. உன் வக்கீல் வாதாடுற மாதிரியே சுத்திச் சுத்தி வருது. காசு மட்டும் கேக்கல.

— ருசி கண்டுட்டா அவ்வளவுதான் அண்ணி. குடிகாரன் மாதிரி அதையே தேடும்.

— தேடுறதோட விடுமா? குட்டிங்களைக் கூட்டிவெச்சுப் பள்ளிக்கூடமும் நடத்தும். அதான் கிடாவைத் தனியாக் கட்டிட்டு, மத்த அல்பாகா அத்தனையும் பட்டியில அடைச்சுட்டேன். எல்லாம் சினையா நிக்குது தம்பி. அந்த விஷத்தால ஒரு குட்டி செத்துப் பொறந்தாலும் என்னால தாங்க முடியாது. கேலியெல்லாம் இல்ல, நெசமாத்தான் சொல்றேன்.

— கவலையை விடுங்க. ரெண்டு நாள்ல ஹுஸ்காவே இருக்காது.

— ஏன், அதுவும் கோர்ட்டுக்குப் போகுதா?

— மருந்து அடிச்சுட்டேன். நேத்து. எல்லைக் கல்லு மேல நின்னு, முதுகுப் பம்புல. கொத்தும் வெக்கல, காலும் வெக்கல. சட்டப்படி நான் உள்ளயே போகல, காத்துதான் போச்சு.

— அடப்பாவி!

— பாராட்டுறீங்களா, வையறீங்களா?

— வையறேன்! பச்சையில ஹுஸ்காவைக் கண்டா பாதி மந்தை மூக்கைச் சுளிக்கும். வதங்கிட்டா இனிப்பு ஏறிடும், எல்லாம் கல்யாணப் பந்தி மாதிரி முண்டியடிக்கும். மேல மருந்து வேற. பூ விடுறதுக்கு முன்னாடியே வேரோட எடுத்து, சாக்குல கட்டி, மந்தை போகாத எடத்துல எரிச்சிருக்கணும். மருந்துதான் அடிப்பேன்னா, அது காஞ்சு மக்குற வரைக்கும் ஒரு குட்டியைக்கூட உள்ள விடக்கூடாது. டப்பாவுல எழுதலையா?

— எழுதியிருந்துச்சு. எழுத்து ரொம்பப் பொடிசு.

— கேஸ் காகிதம் மட்டும் கண்ணுக்கு நல்லாத் தெரியுது.

— அதான் உங்க மந்தை பட்டியில இருக்கே, அப்புறம் என்ன?

— உன் மந்தை?

— ஆத்துப் பக்கம். எவ்செபியா ஓட்டிட்டுப் போனா.

— அவகிட்ட மருந்து விஷயத்தைச் சொன்னியா?

— என் பொண்டாட்டிகிட்டயா? உங்க தங்கச்சியாச்சே அண்ணி! காலையில சொன்னா மத்தியானம் ரேடியோவுல வந்துரும்.

— அதோ, பனி விலகுது. துண்டு நிலத்துல என்னமோ மேயுது பாரு.

— உங்களுதா இருக்கும்.

— என்னுதுக்குக் காதுல சிவப்பு நூல். அதுக்கு என்ன நிறம்?

— ...மஞ்சள்.

— மஞ்சள் யாருது?

— ஐயோ! என்னுது அண்ணி! குனிஞ்சு திங்குது, என் மந்தை குனிஞ்சு திங்குது!

— கத்தாதே, ஓடிப்போய் ஓட்டு!

— ஓட்டினா நாளைக்கு மறுபடி வரும். இனிச்சதை விடுமா? களை போனாத்தான் ஆச்சு. அண்ணி, உங்க கையில கொத்து இருக்கே...

— இருக்கு. இந்தா, நீ வையி.

— நான் வெச்சா தோத்துடுவேனே!

— நான் வெச்சா மட்டும் ஜெயிப்பேனா? மனசு போன்னு தள்ளுது தம்பி. எட்டு வருஷ வக்கீல் செலவு நில்லுன்னு இழுக்குது.

— எனக்கும் அப்படித்தான்.

— நல்ல குடும்பத்துல வந்து வாக்கப்பட்டேன்.

— இருங்க, மந்தை வெளிய வருது. யாரோ ஓட்டுறாங்க. எவ்செபியாதான்! ஓட்டிட்டுத் திரும்ப உள்ள போறா. குனிஞ்சு என்ன பண்றா?

— கொத்து வெக்கிறா! உன் பொண்டாட்டி கொத்து வெச்சுட்டா! தோத்தே தம்பி!

— உங்க தங்கச்சி வெச்சா நீங்கதான் தோத்தீங்க!

— அங்க நின்னு என்ன கத்துறீங்க ரெண்டு பேரும்?

— எவ்செபியா, கொத்தைக் கீழ போடு! நம்ம கேஸ் போயிடும்!

— நம்ம கேஸா? அந்தக் காகிதத்துல உங்க பேரும் அக்கா பேரும்தான் இருக்கு, என் பேர் எங்கயும் இல்லை. மருந்து நாத்தம் மூக்குல ஏறினதுமே மந்தையைக் கிளப்பிட்டேன், நாலு வாய்க்கு மேல திங்கல. வழக்கில்லாத ஆள் களை பிடுங்கினா ஊர் வழக்கப்படி நிலம் யாருக்குன்னு அக்காவையே கேட்டுக்குங்க, சாட்சியா ரெண்டு பேரும் கண்ணாரப் பார்த்துட்டுத்தானே நிக்கிறீங்க? இனி என் நிலத்து ஓரமா நின்னு சண்டை போடாம, கையில துணியைச் சுத்திக்கிட்டு ஆளுக்கொரு சாக்கோட உள்ள வாங்க.