ஷைஜாவுக்குக் கொடுத்த மாத்திரை

வலது தோள் இப்போதெல்லாம் காது உயரத்துக்கு மேல் போவதில்லை. முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கை. மழைக்காலத்தில் வலி எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எண்ணெய் தேய்த்துவிட ஆளில்லை.

என் மனைவி ஷைஜா ஒன்பது வருடமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டாள். எங்கள் மகன் பெனின் குழித்துறை ஆற்றில் மூழ்கி இறந்த பிறகு தொடங்கியது அது. வீட்டுக்காரர் கையால்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொடுத்தேன்.

போன வருடம் பெனினின் நினைவு நாளில் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தோம். என் தம்பி பிரைட்டன் அவளிடம், "அண்ணன் மரத்துட்டதான் பேசுவான் மைனி. நீங்களும் பால் பிடிக்க ஒரு செரட்டைய கழுத்துல கெட்டிட்டு நில்லுங்க" என்றான். ஷைஜா வாய்விட்டுச் சிரித்தாள். கல்லறைக்கு இரண்டடி தள்ளி நின்று சிரித்தாள். அவளுக்குக் கண்ணீர் வற்றிவிட்டது, நான் ஒருவன்தான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. விடாமல் வெட்டினால் பட்டை மரத்துப்போய்ப் பால் நின்றுவிடும். கத்தி படாமல் சில மாதம் சும்மா விட்டால் திரும்பச் சுரக்கும். மாத்திரைதான் அவளுக்குக் கத்தி என்று நினைத்தேன். அதே அளவில், அதே வெள்ளையில் சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். சத்துதானே.

மூன்றாம் வாரம் அழத் தொடங்கினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். ஒன்பது வருடத்தில் எங்களுக்குள் அப்படி ஓர் ஒற்றுமை இருந்ததில்லை. பிறகு சாப்பாட்டை நிறுத்தினாள். ஆறு இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

"ஒழுங்கா குடுக்கிறீங்களா?"

"ஒரு நாளும் முடங்காது, டாக்டர்."

"அப்போ பழைய மருந்து கேக்கல்ல. மாத்திப் பாக்கலாம். ரெண்டு பேரும் யோசிச்சுச் சொல்லுங்க."

பஸ்ஸில் அவள் கேட்டாள். "மாத்தட்டா? ஒம்பது வருசம் எனக்க உயிரப் பிடிச்சு வச்ச மாத்திரையாக்கும். விடப் பயமா இருக்கு. நீங்க சொல்லுங்க."

இரண்டு பக்கத்தையும் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். புது மாத்திரை என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது.

"பழையது போதும் ஏட்டி. அதுக்கு உன்னத் தெரியும்."

"நீங்க சொன்னா செரி" என்று என்மேல் சாய்ந்துகொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் அவளும் அதே ஆற்றில் கிடைத்தாள்.

அடக்கத்துக்கு டாக்டர் வந்திருந்தார். "நான் அன்னைக்கே மாத்தியிருக்கணும். என் தப்பு" என்று அழுதார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மேல தப்பில்ல, டாக்டர். அவளுக்க விதி" என்றேன். பெரிய மனசுக்காரன் என்று ஊர் சொன்னது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அதன்பிறகு அவர் நோயாளிகளைப் பார்ப்பதில்லை என்கிறார்கள். அந்த மனுஷனுக்கு நான் ஓர் உண்மை பாக்கி. இன்னும் கொடுக்கவில்லை.