சாம்பல் நிறச் சுங்குடி

வெள்ளைச் சட்டைக்கு நீலம் போடுவது லேசான வேலை இல்லை, தம்பி. கொஞ்சம் கூடிவிட்டாலும் சட்டை அழுது வடியும். உங்கள் சட்டையைப் பார்த்ததும் சொல்லத் தோன்றியது. கோபித்துக்கொள்ளாதீர்கள். துணியைப் பார்த்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். உங்கள் தங்கை சத்யபிரியாவை எனக்கு இரண்டாந்தாரமாகக் கேட்டு என் அக்கா சொர்ணலட்சுமி வந்து போனாள் அல்லவா, அதற்கு விசாரிக்க வந்திருக்கிறீர்கள். படியேறும் முன்னால் தெருவிலும் கேட்டிருப்பீர்கள். எதிர்வீட்டு செபாஸ்தியம்மாள் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். "அந்த வீட்லயா பொண்ணு குடுக்கப் போறீக? கட்டுன பிள்ளையக் கொன்னதே அவன்தான்ப்பா." இதைத்தான் அவர் இந்த இரண்டு வருஷமாக எல்லோரிடமும் சொல்கிறார். அவர் நல்லவர். ஆனால் அவருக்குத் தெரிந்தது பாதி. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். காபி ஆறுகிறது, குடியுங்கள்.

ஜவுளிக்கடையில் பொம்மைகளுக்குச் சேலை கட்டுவது என் வேலை. கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மையைப் பார்த்துவிட்டுத்தான் பெண்கள் கடைக்குள் வருவார்கள். அதே சேலையை வாங்கிப் போய்க் கட்டிப் பார்த்துவிட்டு, "பொம்மைல இருந்த மாதிரி இல்லையே" என்பார்கள். சேலையில் குறை இல்லை. கட்டுகிறவளிடம்தான் குறை.

மலர்விழியைக் கட்டிக்கொண்டபோது அவளும் அப்படித்தான் இருந்தாள். அகரத்தில் மல்லிகைத் தோட்டம் அவர்களுக்கு. விடிவதற்குள் பூப்பறித்துப் பழகியவளுக்குச் சேலையைத் தூக்கிச் செருகத்தான் தெரியும். பச்சைச் சேலைக்குச் சிவப்பு ஜாக்கெட், அதற்கு மேல் நீல வளையல். ஆனால் ஆள் நல்ல உயரம். கழுத்து நீளம். தோள் சரியாமல் நேராக நிற்கும். கடைக்குப் புதிதாக வந்து இறங்கிய பொம்மையைப் பிரித்துப் பார்க்கிறபோது வருகிற சந்தோஷம் அன்றைக்கு எனக்கு வந்தது.

நிறையத் துணி இருந்தால்தான் நன்றாக உடுத்த முடியும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. அவளிடம் இருந்த சேலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லாம் ஒன்றோடு ஒன்று சேரும்படி நான் பார்த்துப் பார்த்து எடுத்தவை. கறுப்பு, அரக்கு, சந்தனம் என்று மூன்று நிறத்தில் ஜாக்கெட். எந்தச் சேலையை எடுத்தாலும் அதில் ஒன்று பொருந்தும். கடைவீதிக்குச் சின்னாளப்பட்டிச் சுங்குடி. மழைக்கு ஒரு பூனம் சேலை. கல்யாணம் காட்சிக்கு ஒரே ஒரு பட்டு, கரை மெலிசாக. தெருவே அவளிடம் நூறு சேலை இருப்பதாக நினைத்தது. அபிராமி அம்மன் கோயிலுக்குப் போனால் முன்பின் தெரியாத பெண்கள்கூட அவளிடம் வந்து, "இது எங்கக்கா எடுத்தீக?" என்று கேட்பார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்காக நான் எவ்வளவும் செய்வேன்.

காலையில் வேலைக்குப் போகும் முன் அன்றைக்கு உடுத்த வேண்டியதை இஸ்திரி போட்டுக் கட்டிலில் எடுத்து வைப்பேன். பிறகு பீரோவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவேன். இதைத்தான் தெருவில் பெரிதாகப் பேசுகிறார்கள். அவள் அந்துருண்டையைத் துணியோடு ஒட்டவிட்டு ஒரு முந்தானையைக் கறையாக்கிவிட்டாள். அதற்குப் பிறகுதான் பூட்ட ஆரம்பித்தேன். யாராக இருந்தாலும் பூட்டத்தான் செய்வார்கள்.

ஒரு முறை கூட நான் அவளை அடித்ததில்லை. இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம்.

அவள் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று ஆள் வந்தபோது, வீட்டில் உடுத்தியிருந்த சேலையோடு அப்படியே கிளம்பிப் போய்விட்டாள். கடைக்குத் தகவல் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அகரம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவளை இறக்கிக் கூட்டி வந்து, வேறு சேலை கட்டிவிட்டு அனுப்பினேன். ஓரம் தேய்ந்த சேலையில் பிறந்த வீட்டுக்குப் போனால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? அன்றைக்குச் சாயங்காலம் நான் அங்கே போனபோது அவள் அம்மா பேச்சாயி என்னிடம், "அவுக அப்பா உசுருக்குப் போராடுறாரு. சேலையில என்னப்பு இருக்கு?" என்று கேட்டார். வயதானவர். துக்கத்தில் கேட்டார்.

நைட்டி வந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் நைட்டிக்கு மாறினார்கள். மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறார்கள், தண்ணீர் பிடிக்கிறார்கள். அவளும் மஞ்சளில் பெரிய பெரிய பூப்போட்ட ஒன்றை வாங்கி வந்தாள். "வீட்ல இருக்கப்ப மட்டுந்தாங்க. காத்தோட்டமா இருக்கு" என்றாள். நான் சத்தம் போடவில்லை. கத்தரியை எடுத்து அதைத் தரை துடைக்க வசதியான அளவில் வெட்டிக் கொடுத்தேன். மறுநாள் அவள் அதை வைத்துத் தரையைத் துடைத்தாள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. செபாஸ்தியம்மாள் தன்னுடைய பழைய நைட்டி ஒன்றை அவளுக்குக் கொடுத்திருக்கிறார். நான் கடைக்குப் போனதும் அதைப் போட்டுக்கொண்டு, மத்தியானம் நான் சாப்பிட வருமுன் சேலைக்கு மாறிவிடுவாள். அதைக் கொல்லையில், குளியலறைக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த விறகுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பீரோவிலேயே இடம் கொடுத்திருப்பேன். விறகுப் பக்கம் போக வேண்டிய அவசியம் என்ன?

அது ஐப்பசி மாதம். நாலு நாளாக விடாத மழை. அன்றைக்குக் கடையில் கரண்ட் இல்லாததால் வழக்கத்துக்கு முன்னாலேயே சாப்பிட வந்துவிட்டேன். கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டு, உடை மாற்ற அவள் கொல்லைக்கு ஓடியிருக்கிறாள். ஈர விறகுக்குள் கண்ணாடி விரியன் ஒண்டியிருந்திருக்கிறது. கணுக்காலுக்கு மேல் கடித்துவிட்டது.

"என்னங்க, என்னமோ கடிச்சிருச்சுங்க" என்றாள். நான் போனபோது படியில் உட்கார்ந்திருந்தாள். பாம்பை நானும் பார்த்தேன். விறகுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு செபாஸ்தியம்மாள் ஓடி வந்தார். அவர் கெட்டிக்காரர். பார்த்த உடனே தெருமுனைக்கு ஓடி ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டார். "தூக்குங்க தம்பி, தூக்குங்க. பெரியாஸ்பத்திரி பக்கந்தான்" என்றார்.

நான் அவளைப் பார்த்தேன். சாயம் போன ஊதா நைட்டி. வேறொரு பெண்ணின் உடம்புக்குத் தைத்தது, தோளில் நிற்காமல் சரிந்துகொண்டிருந்தது. கக்கத்தில் கிழிசல். மழையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. தலை அவிழ்ந்து கிடந்தது. பெரியாஸ்பத்திரியில் எப்போதும் ஊரே நிற்கும். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் நிற்பார்கள். கோயிலில் வந்து அவளிடம் சேலை விசாரித்தவர்கள் நிற்பார்கள். இந்தக் கோலத்தில் அவளை அவர்கள் நடுவில் தூக்கிக்கொண்டு போவதா? நீங்களாக இருந்தால் போவீர்களா?

அவளை உள்ளே தூக்கி வந்து கதவைத் தாழ் போட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் பட்டு ஆகாது. பூனம் உடம்பில் நிற்காமல் வழுக்கும். சாம்பல் நிறத்தில் வெள்ளைப் புள்ளி வைத்த சுங்குடி ஒன்று, அரக்குக் கரை போட்டது. துயரமான இடத்துக்குப் பொருந்தும், ஆனால் எடுப்பாகவும் இருக்கும். அதை எடுத்தேன். அரக்கு ஜாக்கெட். ஈரத்தைத் துடைத்து, தலையைக் கோதி முடிந்துவிட்டேன். பொம்மைக்குக் கட்டுவது எளிது. அது நேராக நிற்கும். அவளைச் சுவரோடு சாய்த்து நிறுத்த வேண்டியிருந்தது. கால் ஏற்கெனவே வீங்கத் தொடங்கியிருந்தது.

"எரியுதுங்க. அப்படியே தூக்கிட்டுப் போங்க" என்றாள்.

"செத்த நேரம் பொறு" என்றேன்.

வெளியில் செபாஸ்தியம்மாள் கதவை இடித்தார். "ஏலே அழகர்சாமி, கதவத் தொற. உள்ள என்னடா பண்ற?" முதலில் தம்பி என்றவர்தான் அப்படிக் கூப்பிட்டார். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து அவரும் சேர்ந்து தட்டினார். கொசுவம் வைத்தேன். சரியாக வரவில்லை. அவிழ்த்துவிட்டு மறுபடி வைத்தேன்.

கதவைத் திறந்து அவளைக் கையில் ஏந்தி வந்தபோது வாசலில் கூடியிருந்த அத்தனை பேரும் வாயடைத்துப் போனார்கள். அப்படி இருந்தாள். செபாஸ்தியம்மாள் மட்டும் வாயில் கை வைத்துக்கொண்டு அழுதார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, "எப்பக் கடிச்சது?" என்று கேட்டார். "இப்பத்தான் சார். ஆட்டோ கிடைக்கல" என்றேன். பக்கத்தில் நின்ற செபாஸ்தியம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு நர்ஸ் ஒருத்தி கத்தரியைக் கொண்டு வந்து, ஊக்கை அவிழ்க்கக்கூடப் பொறுக்காமல் அந்த ஜாக்கெட்டை முன்பக்கமாக வெட்டினாள். அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன். மறுநாள் பொழுது சாயுமுன் மலர்விழி போய்விட்டாள். பாம்புக்கடி என்று எழுதிக் கொடுத்தார்கள். அது பொய் இல்லை.

அக்கா சொல்லியிருக்க மாட்டாள், அதனால் இதையும் நான்தான் சொல்ல வேண்டும். காரியம் முடிந்து வேலைக்குப் போனேன். பொம்மைக்கு முன்னால் மண்டியிட்டுக் கொசுவத்தை மடித்துச் செருகப் போனபோது, பொம்மையின் கணுக்கால் வீங்கியிருந்தது. பொம்மைக்குக் கால் வீங்காது என்று எனக்குத் தெரியும். தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. அந்தப் பொம்மையை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். அதற்கும் அப்படியே. இடுப்புக்கு மேல் மட்டும் உள்ள பொம்மைகளாகக் கேட்டு வாங்கிக் கட்டினேன். கால் போயிற்று, குரல் வந்தது. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில், கண்ணாடிக்கு வெளியே ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தலைக்கு மேலிருந்து அவள் குரல். நான் பதில் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. இப்போது என்னைச் சட்டைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

இந்த வீட்டிலும் கேட்கிறது. வீட்டில் ஒருத்தி நடமாடினால் நின்றுவிடும் என்று அக்கா நினைக்கிறாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

எரியுது என்றோ, தூக்கிட்டுப் போங்க என்றோ அந்தக் குரல் சொன்னால் நான் பொறுத்துக்கொள்வேன். அது சொல்வதெல்லாம் ஒன்றுதான். "மொதல்ல வச்சதே சரியாத்தானங்க இருந்துச்சு?"

ஆமாம் தம்பி. முதலில் வைத்த கொசுவம் சரியாகத்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் நான் வைத்ததிலேயே நல்ல கொசுவம் அது. ஊக்குப் போட வேண்டியதுதான் பாக்கி. அப்போது அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மெதுவாகச் சொன்னாள். "நான் பிழைச்சு வந்தா இந்த வீட்டுக்கு வர மாட்டேங்க. ஆஸ்பத்திரியிலருந்து நேரா எங்கம்மாகிட்டப் போயிருவேன். இனி ஒங்க சேலை ஒண்ணு கூட என் மேல படாது."

நான் கோபப்படவில்லை. கொசுவத்தை உருவினேன். முழுச் சேலையையும் அவிழ்த்து, உதறி, முதல் சுற்றிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தேன். ஒவ்வொரு மடிப்பையும் விரலால் நீவிவிட்டேன். கதவு அதிர்ந்துகொண்டிருந்தது. அவசரப்படவில்லை. என் தோளில் இருந்த அவள் கை தளர்ந்து விழுகிறவரை மடித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் ஊக்கைப் போட்டேன். பாம்பு கடித்தது உண்மை. அவளைப் போகவிடாமல் வைத்தது நான்.

இவ்வளவையும் மறைத்துவிட்டுப் பெண் கேட்பது முறையில்லை, அதனால் சொன்னேன். எழுந்துவிட்டீர்கள். இருங்கள், ஒரு நிமிஷம். அக்கா கொண்டு வந்த போட்டோவைப் பார்த்தேன். ஆரஞ்சுச் சேலையில் உங்கள் தங்கை நிறம் மங்கிவிட்டது. அது அவர் தப்பில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மயில்கழுத்து நிறத்தில் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது தம்பி, கதவை அப்படி இழுக்காதீர்கள், அந்தத் தாழ் கொஞ்சம் இறுக்கம். ஊருக்குப் போனதும் தங்கையின் அளவு ஜாக்கெட் ஒன்று மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.