மூன்றாம் பாடம், அரை நிமிடம்

ஹலோ... மாப்பிள்ளை, நான்தான்... ஆமா, அதே கதைதான். கம்ப்யூட்டர் திரைல வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு... சுவிட்ச் போட்டுப் பத்து நிமிஷம் ஆச்சு. டீ போட்டு, குடிச்சு, டம்ளரையும் கழுவிக் கவுத்துட்டேன். இன்னும் சுத்துது.

ஆமா... ஆமா, நீ சொன்ன மாதிரி வேண்டாததெல்லாம் அழிச்சாச்சு... வைரஸும் பாத்தாச்சு... மெமரியா? உன் கடைலேந்து நீ குடுத்தனுப்பினதை அன்னைக்கே சொருகிட்டேனே.

பழைய டிஸ்க்கா?... புதுசு மாட்டினதும் கழட்டிட்டேன்னு சொன்னேனே... டிராயர்ல, துணில சுத்தி வச்சிருக்கேன்... ஏன்யா, அத்தான் சொன்னா நம்ப மாட்டியா?

சாயங்காலத்துக்குள்ள அச்சகத்துக்கு அனுப்பியாகணும். ஒன்பதாம் வகுப்பு புவியியல். இன்னும் மூணு பாடம் பிழை பாக்கல... போன தடவையே ரெண்டு நாள் தள்ளிட்டேன். இதுவும் தப்பினா அடுத்த புத்தகம் வேற ஆளுக்குன்னு முதலாளி முகத்துக்கு நேரா சொல்லிட்டார்.

என்னது? போனை எங்க வைக்கணும்?... பெட்டிகிட்டயா? எதுக்கு?... சரி, சரி. இரு. முட்டி மடங்க மாட்டேங்குது...

...

கேட்டுதா?... ஃபேன்தான். பழைய ஃபேன்... டக் டக்குன்னா?... அது... சுவர்க் கடிகாரமா இருக்கும்.

...

டிஸ்க்கோட சத்தமா அது?

...

சரிப்பா. கழட்டல... இல்ல, நிஜமாவே கழட்டினேன். துணில சுத்தித்தான் வச்சேன். மறுநாள் காலைலயே எடுத்து மாட்டிட்டேன்... ஆமா, பொய்தான். திட்டு. உனக்கு இல்லாத உரிமையா.

பழைய புத்தக ஃபைலுக்காகவா? அதெல்லாம் வேற இடத்துலயும் இருக்கு. அதுக்காகவா... உங்க அக்கா வாசிச்சது அதுலதான் இருக்கு மாப்பிள்ளை.

வாசிச்சதுன்னா... உனக்குத் தெரியாதா? நான் காதால கேட்டுத்தான் பிழை பாப்பேன். கையெழுத்துப் பிரதியை அவ சத்தமா வாசிப்பா, நான் பக்கத்தைப் பாத்துக்கிட்டே வருவேன். அவ வேலைக்குப் போற நாள்ல எனக்கு ஆள் வேணுமே? முந்தின நாளே வாசிச்சுப் பதிஞ்சு வச்சுட்டுப் போவா. கமா, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி, எல்லாம் வாயால சொல்லி... ஆமா, சிரிப்பாத்தான் இருக்கும். "ஆறுகள் கமா ஏரிகள் கமா." நடுவுல ஒரு தும்மல். "இதையுமா பதியறீங்க, நிறுத்துங்க"ன்னு ஒரு அதட்டல்...

வேற எதுலயும் இல்லப்பா. கல்யாண வீடியோலகூட வாயே திறக்கல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறா... ம். அவ தவறிப் போய் எட்டு மாசம் ஆச்சு.

தினமும் காலைல போட்டுப் பாப்பேன். இன்னைக்காவது அந்த ஃபோல்டர் திறக்குமான்னு. ஒரு நாள் திறந்துச்சு. மூணாம் பாடம், அரை நிமிஷம் ஓடிச்சு... அதான் விட முடியல.

ம்... ம்... என்ன சொல்றே?... ஒவ்வொரு தடவை போடறப்பவும் இன்னும் கெடுதா?... அப்ப நான்தான்...

...

சொல்லு... அதுல பதிஞ்சதை எடுத்துக் குடுக்க ஆள் இருக்காரா?... நிச்சயம் சொல்ல முடியாதா. பாதியாவது?... சரி. இனி ஒரு தடவைகூடப் போடக் கூடாது. புரியுது. புரியுதுப்பா.

இரு, அணைச்சுட்டேன்... பிளக்கையும் பிடுங்கியாச்சு. மூடி திறந்துதான் கிடக்கு, அதை எங்க நான் மூடினேன்... சிவப்பு கேபிள்... வந்துடுச்சு. இன்னொண்ணு... வர மாட்டேங்குது...

ம். வந்துடுச்சு. சூடா இருக்கு மாப்பிள்ளை.

டிஸ்க் இல்லாம இப்பப் பெட்டியைப் போடறேன்...

அதுக்குள்ள வந்துடுச்சு. இருபதுகூட எண்ணல... ஆமா, பறக்குது... ஆமா. சந்தோஷந்தான்.

என்ன?... ஒரே ஒரு தடவையா? இப்பத்தானே போடவே கூடாதுன்னே?... தெரியும்ப்பா. உனக்கும் அக்காதானே... அழாதே. கடைல நிக்கிறே, யாராவது பாப்பாங்க... எனக்கு மட்டும் கேக்கணும்னு இல்லையா? வேணாம். துணில சுத்திட்டேன். மதியம் நீயே வந்து எடுத்துக்கிட்டுப் போ. என்கிட்ட விட்டு வைக்காதே. நாளைக் காலைல மாட்டிடுவேன்.

...

வேற ஒண்ணும் இல்ல... கடைல ஆள் இருக்காங்களா?... இல்ல, சும்மா கேட்டேன். கையெழுத்துப் பிரதில ஒரு பக்கம் படம் எடுத்து அனுப்பறேன், வாசிக்கிறியா? நான் இங்க பாத்துக்கிட்டே வரேன்... ஒரே பக்கம்தான்... வந்துடுச்சா? மேலேந்து வா.

ம்... ம்... மெதுவா...

நில்லு, நில்லு. "மலைகள்"னதுக்கு அப்புறம் ஒரு கமா இருக்கு... இருக்கு, நல்லாப் பாரு... பாத்தா மட்டும் போதாது, வாயால சொல்லணும். உங்க அக்கா ஒண்ணைக்கூட விட்டதில்ல... முதல்லேந்து வா.

ம்... ம்...

யாரு? ஆள் வந்தாச்சா?... சரி, போய்க் கவனி. எந்த வரில விட்டோம்னு பென்சிலால குறிச்சு வச்சுக்கறேன். மதியம் வந்து மீதியை வாசி... வைக்கிறேன்.