பாடாங் பெசாரில் பாலம் இல்லை

ரயில் பயணத்துக்கு அவித்த முட்டையைப் போல தோதான சாப்பாடு வேறு கிடையாது. கையில் ஒட்டாது, சட்டையில் சிந்தாது, பக்கத்து இருக்கைக்காரருக்கு ஒன்றை நீட்டினால் சிநேகமும் ஆகிவிடும். இதை எங்கள் தமிழ் மன்ற ஆண்டு விழாவில் தவறாமல் சொல்லிவருகிறேன். தவறாமல் கைதட்டுகிறார்கள்.

யாங்கோன் மொகல் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அப்துல் ரவூப் என்றால் பத்துப் பேருக்குத் தெரியும். எல்லைச் செம்மல் அப்துல் ரவூப் என்றால் எல்லாருக்கும் தெரியும். தாய்லாந்திலிருந்து மலேசியாவுக்கு ரயிலில், தன்னந்தனியாக எல்லை கடந்தவன் என்பதற்காக மன்றம் பொன்னாடை போர்த்தி அளித்த பட்டம் அது. எங்கள் நாட்டிலிருந்து எந்த ரயிலும் வேறு நாட்டுக்குப் போவதில்லை. ஆகவே இந்தத் துறையில் எனக்குப் போட்டி இல்லை.

உரையின் உச்சக்கட்டம் பாலம். மூடுபனி. கீழே ஆறு. இரும்புப் பாலத்தின் நட்டநடுவில் ரயில் நிற்கிறது. என் வலது கால் மலேசியாவில், இடது கால் தாய்லாந்தில். மலேசிய அதிகாரி ஏறி வந்து என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு சல்யூட் வைக்கிறார். ஆரம்ப விழாக்களில் அவர் தலையை மட்டும்தான் அசைத்துக்கொண்டிருந்தார். சல்யூட் பிற்பாடு வந்தது.

உண்மையில் நான் தாய்லாந்துக்குள்ளேயே இருக்கும் ஹாட்யாய் வரை போனேன். அங்கே வயிறு சரியில்லை. வயிறு சரியான பிறகு மனசு சரியில்லை. விடுதியில் ஒரு வாரம் கோழிச்சோறு சாப்பிட்டுவிட்டு வந்த வழியே திரும்பினேன். அங்கிருந்து எல்லை கூப்பிடு தூரம்தான். கூப்பிடு தூரத்துக்காக ஒரு மனிதனைப் பொய்யன் என்று சொல்வது நியாயமாகாது.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் உஸாமா வந்தான். என் மனைவி மதீனாவின் அக்காள் பல்கீஸின் மகன். கியாக்தான்காரன், வயது இருபத்து நான்கு. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் குலுக்கல் அவர்கள் பேட்டையில் அடுத்த வாரம் நடக்க இருந்தது. பெயர் விழுந்துவிட்டால் நாட்டை விட்டு நகர முடியாது. அதற்குள் விமானத்தில் பாங்காக் போய், அங்கிருந்து ரயிலில் எல்லை தாண்டி, பினாங்கிலிருக்கும் தன் அக்காள் சமீனாவிடம் சேர்ந்துவிட வேண்டும். வியாழக்கிழமை விமானம். அதுவரை எங்கள் வீட்டில் ஜாகை.

ரயில் என்று முடிவு செய்ததே என் உரையைக் கேட்டுத்தான். "சாச்சா ஒத்தையாப் போயி வந்தாகல்ல, எனக்கென்ன பயம்?" என்று தாயிடம் சொல்லியிருக்கிறான். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. சுற்றுலாப் பயணி மாதிரித் தெரியட்டும் என்று ஓர் ஓலைத் தொப்பி வாங்கிக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை சோற்றுக்கு உட்கார்ந்தபோது போனை என் முன்னால் நீட்டினான்.

"சாச்சா, எல்லை தாண்டுற பாடாங் பெசார்ல பாலமே இல்லையாம். எல்லாரும் மூட்டையைத் தூக்கிட்டு எறங்கணுமாம். ஒரே ஸ்டேஷன்ல ரெண்டு நாட்டுக்காரனும் ஒக்காந்து முத்திரை குத்துறான். இந்தா பாருங்க வீடியோ."

"அது வேற லைனு," என்றேன்.

"நீங்க சொல்ற லைன்ல ரயில் நின்னு வருசக்கணக்காச்சாமே?"

மதீனா களுக்கென்று சிரித்தாள். "ஒங்க சாச்சா போறப்ப பாலத்தையும் கையோட கொண்டுபோயிருப்பாக. நீ மீனைப் போட்டுச் சாப்புடு."

மனைவி சிரிப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வீட்டுச் சிரிப்பு வீட்டோடு போகும். உஸாமாவோ கேலி செய்கிற பிள்ளையே அல்ல. உள்ளன்போடுதான் சொன்னான்:

"நான் போறப்ப எல்லாத்தையும் வீடியோ எடுத்து மன்றத்து குரூப்புல போடுறேன் சாச்சா. அடுத்த விழாவுல நீங்க பேசப்பேச, பின்னாடி தெரையில ஓடட்டும்."

நல்ல மனசு. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

மறுநாள் காலை வார்டு அலுவலகத்துக்குப் போனேன். வெளியூர் ஆள் வீட்டில் தங்கினால் அங்கே தெரிவிக்க வேண்டும் என்பது விதி. எங்கள் தெருவில் சொந்தக்காரப் பிள்ளைகளைப் பற்றி யாரும் தெரிவிப்பதில்லை. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கத் தொடங்கியதிலிருந்து வாயையே திறப்பதில்லை. சட்டத்தை மதிக்கும் பழக்கம் நம்மவர்களிடம் குறைந்துவருகிறது.

வார்டுத் தலைவர் ஊ தான் சோ வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். நான் ஆரம்பித்ததுமே கையை அசைத்தார்.

"சொந்தக்காரப் பையன்தானே, ஊலே?" என்றார் பர்மியத்தில். மாமா என்று மரியாதையாக அழைப்பது அது. "ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டும். என் காதுல எதுவும் விழல. வீட்டுக்குப் போங்க."

அந்த அலட்சியம் எனக்குப் பிடிக்கவில்லை. ஓரத்து நாற்காலியில் சீருடைக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கும் கேட்கட்டும் என்று நிதானமாகச் சொன்னேன்: "ஆண். இருபத்து நாலு வயசு. கல்யாணம் ஆகல. கியாக்தான். நாளைக்குப் பாங்காக் போறான், திரும்பி வரமாட்டான்." மேடையில் பழகிய குரல், கடைசி வரிசை வரை போகும். சீருடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் வந்தார்கள். உஸாமா அந்தத் தொப்பியைக் கோணலாக வைத்து மதீனாவைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். இரண்டு பேர் கையைப் பிடித்ததும் என் பக்கம் திரும்பினான்.

"சாச்சா, நான் டூரிஸ்டுன்னு நீங்க சொல்லுங்க சாச்சா."

சொல்ல வேண்டியதைக் காலையிலேயே சொல்லிவிட்டேன். ஆகவே வழிவிட்டு நின்றேன். தொப்பியோடேயே படியிறங்கிப் போனான்.

இப்போது வடக்கே சண்டை நடக்கும் பக்கம் அனுப்பிவிட்டார்களாம். போன் வருவதில்லை. விஷயம் தெரிவதற்குள் சமீனா பாடாங் பெசாருக்கே கிளம்பி வந்து, தம்பி வருவான் வருவான் என்று ஒவ்வொரு ரயிலுக்கும் நின்றிருக்கிறாள். பல்கீஸ் கியாக்தானிலிருந்து பஸ் ஏறி வந்து என் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

"நாலு தேசம் பாத்தவுக நீங்க, மச்சான். எம் புள்ளையைக் காட்டிக்குடுத்த பாவி யாருன்னு நீங்கதான் விசாரிச்சுச் சொல்லணும்."

பொறுப்பைத் தட்ட முடியவில்லை. விசாரித்தேன். யார் மீதும் பழி போடவில்லை. வார்டு ஆட்கள் எங்கள் கட்டடத்துக்குக் கீழே கபீரின் கடையில்தான் டீ குடிப்பார்கள் என்றேன். உஸாமாவும் அங்கேதான் குடித்தான் என்றேன். இரண்டும் சத்தியம். மற்றதைத் தெருவே சேர்த்துவைத்துக்கொண்டது.

ஆள் வராததால் கபீர் கடையில் ஸ்டூல்களை அடுக்கி வைத்துவிட்டார். கண்ணாடியில் யாரோ கல் எறிந்திருக்கிறார்கள். நேற்று டீயை வைத்துவிட்டு, "நீங்களாச்சும் என்னை நம்புறீகளா, பாய்?" என்றார்.

"நம்பாமலா வந்து ஒக்காந்திருக்கேன்?" என்றேன்.

நாள் தவறாமல் போகிறேன். ஒரு தப்பும் செய்யாத ஆளைத் தெருவே கூடி ஒதுக்கிவைக்கும்போது, யாராவது ஒருவர் மனிதனாக நடந்துகொள்ள வேண்டும் அல்லவா?