சாக்கடை கெழக்காலதான் போவும்

...இல்ல சார், நாத்தம் வூட்டுல இல்ல, காத்துல. காத்துக்கு நான் என்ன பண்ண? தலையக் குனிஞ்சு வாங்க, நெலவாசல் தாழ்வு. ரெண்டு ரூம்பு, சமையக்கட்டு, கரண்டு. தையிலேருந்து பூட்டியே கெடக்குது. எவன் குடி வந்தாலும் நெலைக்க மாட்டேங்குறான். தண்ணி சரியில்லையாம்! பெரம்பலூர்ல எவன் வூட்டுல சார் பாலா ஓடுது?

முன்னல்லாம் பச்சமலையில இடி இடிச்சாப் போதும், விடியறதுக்குள்ள ஆத்துல செந்தண்ணி வந்துரும். இப்ப ஐப்பசிக்கு மழையே இல்ல. வந்தாலும் ஒரே கொட்டாக் கொட்டிட்டு, கடங்காரனக் கண்டவன் மாதிரி ஓடிருது. சரி, ஆறு காஞ்சாலும் மணலு இருந்திச்சு. ஒரு மொழம் தோண்டுனா ஊத்து. கொட்டாங்கச்சியில மோந்து குடிச்சா எளநி தோத்துப் போவும். ஆளுக்கு ஒரு ஊத்து. நாய் வாய் வெக்காம முள்ளு போட்டு மூடிட்டு வருவோம். அடுத்தவன் ஊத்துல எவனும் கை வெக்க மாட்டான். அவ்வளவு மரியாத சார்!

இப்ப டவுனு வளருதாம். வளரட்டும், யாரு வேணாங்குறா? தெருவுக்குத் தெரு காரை வூடு. மணலுக்கு எங்க போவான்? ஆத்துக்குத்தான். மணல் லாரி ஆத்துல எறங்க வழி கேட்டானுங்க, நம்ம கொல்லை வழியாத்தான் விட்டேன். இந்த இளையபெருமாளு இல்லன்னு சொல்லிட்டான்னு பேரு வரலாமா? இந்த வூடு கட்ட நமக்கும் மணலு ஆச்சு.

சாக்கடையக் குத்தம் சொல்றானுங்க. நான் என்ன வெவரங்கெட்டவனா சார்? ஆறு கெழக்கால போவுது, இந்த வூட்டுக்குத் தண்ணி எடுக்குற நம்ம ஊத்து மேக்கால இருக்குது. பாத்துப் பாத்துத்தான் ஊத்துக்குக் கெழக்கால சாக்கடைக் கொழாய ஆத்துல எறக்குனேன். போறது அப்படியே கெழக்க போயிரும், அங்க உள்ளவன் பாத்துக்குவான். ரோசன சரிதானே? ஆனா லாரிக்காரன் மேக்கால கெணறு மாதிரி பறிச்சுட்டான். பாதி கெழக்க போவுது, மீதி திரும்பி நம்ம ஊத்துக்கே வருது. ஆறே பேச்சு மாறுது, மனுசன் எம்மாத்திரம்!

அட, எந்த ஊருன்னு கூட நான் கேக்கல பாருங்க... கீழமணக்காடா? நம்ம ஆத்தங்கரை ஊராச்சே! அத வுட்டுட்டு டவுனுக்கு ஏன்... என்னது, கெணத்துத் தண்ணி கெட்டுப் போச்சா? புள்ளைக்கு வவுத்தால போயி ஆஸ்பத்திரியிலயா?

கீழமணக்காடு... ஆமா. கெழக்காலதான்.

சார்... சார், சைக்கிள எடுக்காதீங்க... புள்ளைக்கு இப்பத் தேவலையா சார்?