மூடியைத் திறந்த இருபத்து மூன்றாவது பிள்ளை

2025 ஒக்டோபர் மாதம் 1ஆம் திகதி முற்பகல் 9.40 மணிக்குத் தாமாகவே நிலையத்துக்கு வந்தவர் தமிழில் கூறியபடி, பொலிஸ் கான்ஸ்டபிள் சாருஜனால் பதியப்பட்டது.

பெயர்: சின்னையா கணேசமூர்த்தி. வயது: 53. தொழில்: தோட்ட மருந்தாளர். முகவரி: டிஸ்பென்சரி விடுதி, ஹார்வெல் தோட்டம், டிக்கோயா.

நான் மேற்சொன்ன விடுதியில் பன்னிரண்டு வருடங்களாகத் தனியே வசித்து வருகிறேன். என் தாயும் தகப்பனும் இதே தேயிலைத் தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்தவர்கள். நான் பேராதனையில் இரசாயனவியல் படித்துப் பட்டம் பெற்ற பிறகு, கொழும்பில் மருந்துப் போத்தல்கள் செய்யும் ஒரு கம்பனியில் பதினொரு வருடம் வேலை செய்தேன். சிறு பிள்ளைகள் திறக்க முடியாத ஒரு மூடியை அங்கே நான் வரைந்து கொடுத்தேன், அதன் பிறகு அது என் மேலாளரின் பெயரில் வெளிநாட்டுக்குப் போனது, அதன் பிறகு என்னைக் களஞ்சியத்துக்கு மாற்றினார்கள், அதன் பிறகு நான் விலகி, மருந்தாளர் பரீட்சை எழுதித் தோட்டத்துக்கு வந்தேன். இது வழக்குக்குத் தேவையில்லாதது என்று பதிவு செய்யும் உத்தியோகத்தர் சொன்னார். தேவை என்று நான் சொன்னதால் எழுதப்பட்டது.

என் மனைவி குணபூசணி யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர், ஹட்டனில் ஆசிரியையாக இருந்தவர். எங்கள் மகள் கஜனிக்கு இப்போது வயது 19. நான் கொழும்பு வேலையை விட்ட மாதத்திலேயே, 2013 தையில், மனைவியின் தகப்பனார் துரைராசா ஹட்டனில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே, "இஞ்ச பிள்ளை, எவ்வளவு படிச்சாலும் தோட்டக்காட்டான் தோட்டத்துக்குத்தான் திரும்பிப் போவான் எண்டு நான் அண்டைக்கே சொன்னனான்" என்றார். அவர் உள்ளே வரவில்லை, கொடுத்த தேநீரையும் தொடவில்லை. அதன் பிறகு அவரும் மனைவியும் மகளுமாக மூவரும் அவர் கொண்டுவந்த வான் வண்டியில் ஏறிப் போனார்கள். மகள் பின் ஆசனத்தில் முழந்தாளிட்டு, கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துக்கொண்டு போனாள். வீட்டைக் காலி செய்தபோது அவளுடைய மழைச் சப்பாத்து ஒரு சோடியை எடுத்து வந்தேன். மற்றப் பொருட்களைக் கேட்டு அனுப்பினார்கள், அதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

எங்கள் டிஸ்பென்சரியில் மாத்திரைகளை எண்ணி, சிறிய காகித உறையில் போட்டு, காலைக்கென்றால் சூரியனும் இரவுக்கென்றால் பிறையும் வரைந்து கொடுப்பது வழக்கம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் அந்த உறையைச் சாமிப் படத்துக்குப் பின்னாலோ அடுப்படிச் சுவரின் இடுக்கிலோ செருகி வைப்பார்கள். சென்ற வருடம் கீழ்ப்பிரிவில் ஒரு குழந்தை அவ்வாறு வைத்த இரும்புச்சத்து மாத்திரைகளை மிட்டாய் என்று தின்று வாந்தியெடுத்தது. அதன் பிறகு நான் பழைய மூடியின் வேலையை மறுபடி ஆரம்பித்தேன். வெறும் சேலைன் போத்தல்களை வெட்டி, மாத்திரைப் போத்தலின் மூடிக்கு மேல் ஒரு வளையம் செய்தேன். அதன் இரு பக்கத்திலும் ஒவ்வொரு புடைப்பு இருக்கும். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கிக்கொண்டு திருப்பினால்தான் மூடி கழலும்.

இத்தகைய மூடியை இரு தரப்பாரிடம் சோதிக்க வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் போத்தலைக் கொடுத்து ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும், அதன் பிறகு திறக்கும் விதத்தை ஒரு தரம் காட்டி இன்னும் ஐந்து நிமிடம் கொடுக்க வேண்டும், பல்லால் கடித்தாலும் தடுக்கக் கூடாது. அதேபோல ஐம்பது முதல் எழுபது வயதுப் பெரியவர்களிடமும் கொடுத்து, அவர்களால் திறக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பெரியவர்கள் என்று நான் தெரிந்தெடுத்தது ஒப்பீஸ் கிளார்க், தொழிற்சாலை டீமேக்கர், நான் ஆகிய மூவரை. மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களை நிறுத்தி வைக்கத் தோட்டத்துரை இடம் கொடுக்கவில்லை என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். நான் துரையிடம் கேட்கவேயில்லை.

2025 மார்ச் 11ஆம் திகதி, தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில், அதன் பொறுப்பாளர் மீனம்மாவின் முன்னிலையில், இருபத்து மூன்று பிள்ளைகளிடம் போத்தல்களைக் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு டொபி போட்டிருந்தேன். இருபத்திரண்டு பிள்ளைகளால் திறக்க முடியவில்லை. ஒரு பையன் சுவரில் அடித்தான், ஒரு பிள்ளை கதவிடுக்கில் வைத்து நெரித்தது, மூன்று பேர் அழுதார்கள். இருபத்து மூன்றாவதாகப் பட்டியலில் இருந்தது பிரியந்தி, வயது நான்கு. அவளுடைய தாய் ஜீவராணி குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். தாயின் அக்காவான ராக்காயி, வயது 56, பிள்ளையை வளர்க்கிறார். பிரியந்தி போத்தலைக் கடிக்கவில்லை. நான் திறந்து காட்டியபோது என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதன் பிறகு போத்தலை இரு முழங்கால்களுக்கும் நடுவில் இறுக்கி, இரண்டு உள்ளங்கைகளாலும் அமுக்கித் திருப்பி, நாலாவது நிமிடத்தில் திறந்தாள். டொபியைத் தின்னாமல் எடுத்து வந்து என் கையில் வைத்தாள்.

"அட, இந்தக் குட்டி தெறந்துட்டாளே! ஒங்க மூடியோட மானம் போச்சுங்க ஐயா" என்று மீனம்மா சிரித்தார். மூடி சரியாகப் பூட்டப்படவில்லை, இதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். "நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா சரிதானுங்க" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. நான் இருபத்து மூன்றாவது பெயருக்கு நேரே 'திறக்கவில்லை' என்று எழுதினேன்.

இருபத்து மூன்று பேரில் ஒருவர் திறந்தாலும் அந்த மூடி சோதனையில் தேறிவிடும். கம்பனியில் பதினொரு வருடம் நான் போட்ட கணக்கு அதுதான். எனக்குத் தேறினால் மட்டும் போதாமல் இருந்தது.

அதன் பிறகு ஜூலை மாதம் ஒரு வாரப் பத்திரிகை, ஒரு பிள்ளையாலும் திறக்க முடியாத மூடி என்று என் படத்தோடு செய்தி போட்டது. அதைப் படம் எடுத்து மகளின் இலக்கத்துக்கு அனுப்பினேன். அந்த இலக்கம் நான்கு வருடங்களாக என்னிடம் இருக்கிறது. பிறந்தநாளுக்கும் பரீட்சை முடிவுகளுக்கும் எழுதியிருக்கிறேன், பதில் வந்ததில்லை. மூன்றாம் நாள், "பேப்பர் பாத்தன் அப்பா. மார்கழி லீவுக்கு வந்து பாக்கட்டோ?" என்று வந்தது. என் கைத்தொலைபேசியில் உள்ள சொற்களை அப்படியே பதியச் சொன்னேன். அதில் அப்பா என்ற சொல் இருப்பதை உத்தியோகத்தருக்கும் காட்டினேன்.

ராக்காயிக்கு சீனி வியாதி. ஓகஸ்ட் மாதம் முதல் அவருடைய மாத்திரைகளை இந்தப் போத்தலில் கொடுத்தேன். அடுத்த புதன்கிழமை கிளினிக்குக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து, போத்தலை என் மேசைமேல் வைத்தார்.

"ஐயா, பழைய மாதிரி கடதாசிலயே மடிச்சுக் குடுங்க. இந்தக் கருமத்தத் தெறக்க முடியலங்க."

"முப்பத்தஞ்சு வருசமா கொழுந்தெடுக்கிறீங்க, ஒரு மூடியத் தெறக்கத் தெரியலையா?" என்று நான் எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"கொழுந்து அமுக்குனா அது ஒடையுமுங்க. இத அமுக்குனா என் வெரலுதான் ஒடையுது" என்றார். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் கையை நீட்டிக் காட்டினார். பெருவிரலும் சுட்டுவிரலும் நுனியில் கறுத்து வெடித்து, மடக்கினால் பாதியில் நின்றன. நான் புடைப்புகளை வைத்திருந்தது சரியாக அந்த இரண்டு விரல்களுக்கு. என் தாயின் விரல்களும் அவ்வாறுதான் இருந்தன.

அப்போது வாங்கில் இருந்த பிரியந்தி, "இங்க குடு பெரிம்மா" என்று போத்தலை வாங்கி முழங்காலுக்குள் வைத்துத் திறந்து கொடுத்தாள். அந்த இடத்தில் நான் மாத்திரைகளைக் காகித உறையில் போட்டு, உயரத்தில் வைக்கும்படி சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். நான் அவ்வாறு செய்யவில்லை. "அப்ப இனிமே நீதான் பெரியம்மாவுக்கு டாக்டர்" என்று பிள்ளையிடம் சொன்னேன். அவள் மிகவும் சந்தோஷப்பட்டாள். போத்தலைச் சோதிக்க வேண்டும், ஒவ்வொரு புதன்கிழமையும் கொண்டு வாருங்கள் என்று ராக்காயியிடம் சொன்னேன். மாதம் ஒரு தரம் பார்த்தால் போதும். பிள்ளையும் கூட வரும் என்பதற்காகவே அப்படிச் சொன்னேன். ஐந்து புதன்கிழமைகள் வந்தாள். வாங்கில் என் பக்கத்தில் அமர்ந்து, வெறும் போத்தல்களைத் திறந்து திறந்து மூடுவாள். நான் நேரம் பார்த்துச் சொல்வேன். கடைசிப் புதன்கிழமை ஒன்பது வினாடியில் திறந்தாள்.

செப்டெம்பர் 23ஆம் திகதி செவ்வாய்க்கிழமை பிள்ளைக்காம்பரா பூட்டியிருந்தது. ராக்காயி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டதால், பிள்ளை திறந்து எடுத்துக் கொடுத்த மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, போத்தலை மூடி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு, பக்கத்துக் காம்பரா அழகம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி மலைக்குப் போயிருக்கிறார். அதன் பிறகு பிள்ளை கதிரையில் ஏறிப் போத்தலை எடுத்துத் திறந்து, டாக்டர் விளையாட்டு விளையாடி, தானே நோயாளியாகவும் இருந்து ஐந்து மாத்திரைகளை விழுங்கியிருக்கிறாள். பத்து மணியளவில் அழகம்மா அவளைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடி வந்தார். இரத்தத்தில் சீனி இறங்கிப் பிள்ளை வியர்த்துத் துவண்டிருந்தாள். சீனித் தண்ணீரைக் கரண்டியால் உதட்டில் தடவித் தடவிக் கொடுத்தேன், அதன் பிறகு ஓட்டோவில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். வழியெல்லாம் பிள்ளை என் மடியில் இருந்தாள். ஒரு தரம் கண்ணைத் திறந்து, "ஒம்போது எண்ணிட்டீங்களா?" என்று கேட்டாள். வைத்தியர்கள் காப்பாற்றினார்கள். நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்து பாண் தின்றாள்.

23ஆம் திகதி மாலையே இந்த நிலையத்தில் நான் கொடுத்த முதலாவது வாக்குமூலத்தில், ராக்காயி போத்தலைத் திறந்தபடி வைத்துவிட்டுப் போனார் என்றும், மூடியிருந்தால் எந்தப் பிள்ளையாலும் திறந்திருக்க முடியாது என்றும் சொல்லி, அத்தாட்சியாக என் குறிப்பேட்டைக் கொடுத்தேன். அது சிங்களத்தில் எழுதப்பட்டது. ஆனாலும் நான் சொன்னதுதான் எழுதப்பட்டது, அதில் மொழியின் குற்றம் எதுவுமில்லை. அதைக் கொண்டே ராக்காயி கவனமில்லாதவர் என்று அறிக்கை போனது. அதன் பிறகு நன்னடத்தை உத்தியோகத்தர், ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையை நேரே ஒரு சிறுவர் இல்லத்துக்குக் கொண்டு போனார். வரும் வெள்ளிக்கிழமை, 3ஆம் திகதி, பிள்ளை அங்கேயே இருப்பதா ராக்காயியிடம் திரும்புவதா என்று நீதவான் தீர்மானிக்க இருக்கிறார்.

நேற்று மாலை ராக்காயி என் விடுதிக்கு வந்தார். சண்டை பிடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்துப் பதில்களை ஆயத்தப்படுத்தினேன். நான் உட்காரச் சொன்னேன், அவர் உட்காரவில்லை.

"தங்கச்சி குவைத்துலேர்ந்து தெனம் கூப்புடுறா. புள்ளகிட்ட போனக் குடுங்கிறா. தூங்குது, தூங்குதுன்னு எத்தன நாளைக்குங்க சொல்றது?" என்றார். அதன் பிறகு, "நான்தான் தெறந்து போட்டேன்னு சொன்னீங்களாமே ஐயா. நான் எப்புடிங்க தெறப்பேன்?" என்று கேட்டார்.

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார். அதன் பிறகு வெளியே பார்த்து, "மழ வருது, போறேங்க" என்று சொல்லிப் போனார்.

என் வாழ்க்கையில் மற்றவர்கள் எனக்குச் செய்தவற்றைத் திகதியோடு சொல்ல என்னால் முடியும். மேலாளர், மாமனார், என் விண்ணப்பத்துக்குப் பதில் போடாத இரண்டு அலுவலகங்கள் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். இந்த விடயத்தில் அவர்களில் யாரும் சம்பந்தப்படவில்லை. மூடியைப் பிள்ளையால் திறக்க முடியும் என்பது மார்ச் 11ஆம் திகதியே எனக்குத் தெரியும். ராக்காயியால் திறக்க முடியாது என்பதும் ஓகஸ்ட் மாதமே எனக்குத் தெரியும். வேண்டுமானால் அவரை நீதிமன்றத்துக்கு அழைத்து, அந்தப் போத்தலைக் கையில் கொடுத்துப் பார்க்கலாம். பிரியந்தியைத் திறக்கப் பழக்கியவன் நான். குறிப்பேட்டின் பதினாலாம் பக்கத்தில் உள்ள கடைசி வரி பொய் என்று உத்தியோகத்தர் முன்னிலையில் அதன் ஓரத்தில் எழுதி ஒப்பமிட்டேன். பிள்ளையை அவளுடைய பெரியம்மாவிடமிருந்து பிரிக்க வேண்டாம் என்று நீதவானை வேண்டுகிறேன்.

மேலும் ஏதும் சொல்ல இருக்கிறதா என்று உத்தியோகத்தர் கேட்டார். இங்கு வருவதற்கு முன், இன்று காலை ஏழு மணிக்கு, இவை முழுவதையும் மகளுக்கு எழுதி அனுப்பினேன். பத்திரிகையில் வந்தது பொய் என்பதையும் எழுதினேன். 7.12க்கு அவள் வாசித்துவிட்டாள் என்பதற்கான இரண்டு நீலச் சரிக்குறிகள் விழுந்தன. இப்போது 11.25. நிலையத்துக்குள் கைத்தொலைபேசியை அணைத்து வைக்க வேண்டும் என்று வாயிற்காவலர் சொன்னார். அணைக்காமல், சத்தத்தை மட்டும் நிறுத்தி, மேசைமேல் என் கண்ணுக்குத் தெரியும்படி வைக்க அனுமதி கேட்டேன். அனுமதி தரப்பட்டது.

இங்கே எழுதப்பட்டவை அனைத்தும் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டன. கூட்டவோ குறைக்கவோ எதுவுமில்லை. எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முதலாவது வாக்குமூலத்தை மறுத்து, இதுவே உண்மை என்று ஏற்றுக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) சி. கணேசமூர்த்தி
முற்பகல் 11.50