பன்னிரண்டாவது வண்டி

காப்பியை ஆறவிடாதீர்கள். இந்த அலுவலகத்தில் சூடாகக் கிடைப்பது அது ஒன்றுதான். ஹீட்டர் போன அக்டோபரில் பழுதானது. அதை மாற்றும் தீர்மானம் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. வாஃபிள் நேற்றையது. பழுப்புப் பாலாடைக்கட்டியை மேலே வைத்துக்கொண்டால் தெரியாது.

நீங்கள் கேட்டது சின்ன விவரம். ஹால்வர் ப்ரென்னாவின் நெருங்கிய உறவினர் யார், அவர் எங்கே இருக்கிறார். காவல் நிலையத்தில் அவரை இறந்தவராகப் பதிவு செய்ய வேண்டும். ஓர் உறவினரின் கையெழுத்து இல்லாமல் அந்தப் படிவம் முழுமையாகாது. படிவம் முழுமையாகாத வருத்தம் என்ன என்பது எனக்குத் தெரியும். சொல்கிறேன். அதற்கு எங்கள் சம்மேளனத்தின் ஒரு வருடம் எப்படிப் போகிறது என்பதைக் கொஞ்சம் கேட்க வேண்டியிருக்கும்.

நாய்வண்டிப் பந்தயத்தில் நாய்கள் ஓடுகின்றன என்று ஊரில் நினைக்கிறார்கள். ஓடுவது காகிதம். மே மாதம் பொதுக்கூட்டம். ஆகஸ்டில் நாய்களின் பட்டியல். நவம்பரில் தடுப்பூசிச் சான்று. ஜனவரியில், பாதை தங்கள் கலைமான்களின் மேய்ச்சலைக் குறுக்கே வெட்டவில்லை என்று மந்தைக்காரர்களிடமிருந்து ஒப்புதல். இதெல்லாம் சரியாக இருந்தால், மார்ச்சில் பனி இருந்தால், ஒருநாள் பந்தயம். பத்தொன்பது வருடங்களாக நான் செயலாளர். ஒவ்வொரு மே மாதமும் தலைவர் ரெய்டார், "ஓட்மாரே தொடரலாமா?" என்று கேட்பார். எல்லோரும் தங்கள் காப்பிக் கோப்பையைப் பார்ப்பார்கள். நான் தொடர்வேன்.

தேசிய அட்டவணையில் ஒரு பந்தயம் இடம்பெற வேண்டுமானால் குறைந்தது பன்னிரண்டு வண்டிகள் புறப்பட வேண்டும். அந்த விதியை எழுதியவர் தலைநகர் ஆஸ்லோவில் உட்கார்ந்திருந்தார். எங்கள் மாவட்டத்தில் ஓட்டுகிறவர்கள் பதினோரு பேர். பன்னிரண்டாவது ஆளான நில்ஸ், ஏழு வருடங்களுக்கு முன் இடுப்பு எலும்பை மாற்றிக்கொண்டு, நாய்களை விற்றுவிட்டு, ஸ்பெயினுக்கு வெயில் காயப் போய்விட்டான்.

அந்த வருடம்தான் ப்ரென்னா வந்தார்.

அவரை எழுதும்போது எனக்குப் பெரிய நோக்கம் எதுவும் இருக்கவில்லை. பெயர்ப் பதிவில் பன்னிரண்டாவது கோடு காலியாக இருந்தது. ஹால்வர் ப்ரென்னா, எட்டு நாய்கள், மேல்பள்ளத்தாக்கு. நாய்களுக்கு, செத்துப்போன என் நாய்களின் பெயர்களை வைத்தேன். அவை பெயருக்குத் தகுந்தவையாக இருந்தன. அப்போதைய கால்நடை மருத்துவர் சான்றிதழ்களில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கட்டுக்கட்டாகக் கொடுத்துவிடுவார். புறப்பாடுதான் சிக்கல். அதற்கும் விதியில் வழி இருந்தது. பதினான்காம் விதிப்படி, மற்ற நாய்களோடு சண்டைபோடும் நாய்களை வைத்திருப்பவர் ஏரியின் அக்கரையிலிருந்து தனியாகப் புறப்படலாம். ஓர் அதிகாரி நேரம் குறித்தால் போதும். அந்த அதிகாரி நான். அக்கரைக்கு இரண்டு கிலோமீட்டர். வாஃபிளும் காப்பியும் இக்கரையில். யாரும் வந்து பார்க்கவில்லை.

ஆறு வருடங்கள் ப்ரென்னா சரியான நேரத்தில் புறப்பட்டார். ஆறு முறையும் முதல் மணி நேரத்திலேயே விலகினார். ஒருமுறை முன்னோடி நாய்க்குக் கால் நொண்டியது. ஒருமுறை சறுக்குக்கட்டை உடைந்தது. ஒருமுறை முதுகுப்பிடிப்பு. நானே விலகல் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவேன். நாய் நொண்டிய உடனே நிறுத்தினார் என்பதற்காக மூன்றாம் வருடம் சம்மேளனம் அவருக்குச் சிறந்த நாய்ப் பராமரிப்புக்கான பட்டயம் வழங்கியது. அவர் சார்பில் நான் வாங்கிக்கொண்டேன். கைதட்டல் நன்றாகவே இருந்தது.

பிறகு நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஓட்டுநர்களில் ஒருவனான கோரே, ப்ரென்னா தன் கோடாலியை இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை என்று இரண்டு வருடங்கள் புகார் சொன்னான். "பெட்ரோல் பங்க்ல வெச்சுக் கேட்டேன்யா. கேக்காத மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கிட்டான், திமிரு புடிச்சவன்." ரெய்டாருக்கு அவருடைய தாடி பிடிக்கவில்லை. ஊர் ஓர் ஆளை வளர்த்துக்கொண்டால் நடுவில் புகுந்து கெடுப்பது மரியாதை அல்ல.

டோர்குன் அவருக்குக் கையுறை பின்னினாள்.

அவளை உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் சடலத்தைக் கீழே கொண்டுவந்தீர்கள். ஆனால் அவள் உயிரோடு இருந்தபோது நீங்கள் பழகியதில்லை, அப்போதுதான் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்திருந்தீர்கள். முப்பது வருடம் தபால் வண்டி ஓட்டியவள். விதவை. பனி ஸ்கூட்டரை அவளைப்போல் ஓட்ட இந்தக் கரையில் ஆள் இல்லை. பந்தயத்தின் சிவப்பு விளக்கு அவள் பொறுப்பில் இருந்தது. முதல் வண்டி புறப்படும்போது முடிவுக்கோட்டுக் கம்பத்தில் ஏற்றுவோம். கடைசி வண்டிக்காரர் வந்து தன் கையால் அணைக்கும்வரை அது எரிய வேண்டும். வெளியே ஒருத்தர் இருக்கும்வரை வீட்டுக்குப் போகிறதில்லை என்பதே அதன் பொருள். ப்ரென்னா முதல் மணி நேரத்திலேயே விலகிவிடுவதால் விளக்குக்கு அவர் தொந்தரவு கொடுத்ததில்லை.

இரண்டாம் வருடம் என்னிடம் வந்தாள். "ஏன் ஓட்மார், அந்த மேல்பள்ளத்தாக்கு மனுஷனுக்குப் பொண்டாட்டி கிண்டாட்டி இருக்கா?"

"இல்லைன்னுதான் நினைக்கிறேன்."

"கூட்டத்தைக் கண்டா ஓடுறவன்னு சொல்றாங்க. எனக்கும் அப்படித்தான். இந்தா, இதக் குடுத்துடு. நான் குடுத்தேன்னு சொல்லு. இல்ல, வேணாம், சொல்லாத. சரி, சொல்லு."

சாம்பல் நிறத்தில் நீல வரி போட்ட கையுறை. வாங்கிக்கொண்டு பதில் எழுதாமல் இருப்பது அநாகரிகம். தபால்பெட்டி ஒன்றை எடுத்து, அவர் பெயரில் எழுதினேன். அவள் எழுதினாள். அவர் எழுதினார். ஒன்பது கடிதங்கள் ஆயின. உங்கள் பையில் இருக்கும் அந்தக் கட்டு அதுதான் என்று நினைக்கிறேன். சணல் கயிறு என்னுடையது, சம்மேளனத் தாள்களை அவளுக்குக் கட்டி அனுப்பியது. அதில் ஒன்றை எடுத்து இந்தக் கூட்டக் குறிப்பேட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள். வெளிச்சம் வேண்டுமானால் திரையை விலக்குங்கள். 'ஆர்' எழுத்து கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும், எனக்குப் பள்ளியிலிருந்தே அப்படி.

அவை மோசமான கடிதங்கள் அல்ல. நாய்களைப் பற்றி, பனி இறுகும் சத்தத்தைப் பற்றி. நேரில் அவளிடம் நான் அப்படிப் பேசியதில்லை. நேரில் அவளிடம் நான் பேசியதெல்லாம் நாற்காலிகள் எத்தனை வேண்டும் என்பது.

போன பந்தயத்துக்கு முந்தைய மே பொதுக்கூட்டத்தில் விதி மாறியது. புதிய கால்நடை மருத்துவர் இங்வில் கண்டிப்பானவர். இனிமேல் யாரும் வழியில் விலகிவிட்டுப் போக முடியாது. நாற்பதாவது கிலோமீட்டரில் உள்ள பனிக்கோழிக் குடிசைக்கு வந்து, அவர் நாய்களை எண்ணிப் பார்த்தபின், ஓட்டுநரே கையெழுத்திட வேண்டும். நல்ல விதி. நானும் கை தூக்கினேன். தூக்காமல் இருந்திருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்கள். தீர்மானத்தை நான்தான் பதிவு செய்தேன், பக்கம் எழுபத்தொன்று.

என் திட்டம் இதுதான். ஒன்பது மணிக்கு ப்ரென்னா புறப்படுவார். மதியத்துக்குள் நான் ஸ்கூட்டரில் குடிசைக்குப் போய், அவருக்கு மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது, குறுக்குவழியில் வீட்டுக்குப் போய்விட்டார் என்று சொல்வேன். இங்வில் கோபப்படுவார். எச்சரிக்கைக் கடிதம் வரும். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்வது நான்.

பந்தயத்தன்று பதினொன்றரைக்குப் புயல் இறங்கியது. பாதை அடைபட்டது, நான் குடிசைக்குப் போக முடியவில்லை. பதினோரு வண்டிகளும் அதற்குள் குடிசையைத் தாண்டியிருந்தன. மூன்று மணிக்குள் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்துவிட்டன. பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் நாய்களும் மனிதர்களும் ஈரமாக உட்கார்ந்திருந்தார்கள். வானொலியில் இங்வில்லின் குரல் வந்தது. "பன்னெண்டாம் நம்பர் இன்னும் இங்க வரலை. யாராச்சும் பாத்தீங்களா?"

நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை என்றார்கள். அப்போது கோரே கையுறையைக் கழற்றியபடி எழுந்தான்.

"நான் பாத்தேன். பிளவுப்பாறைகிட்ட. வண்டிய நிறுத்திட்டு வாரை முடிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தான். கை காட்டினேன், அவன் காட்டலை. அவன் என்னிக்குக் காட்டினான்?"

உங்களிடம் உண்மையைச் சொல்வதாக முடிவு செய்திருப்பதால் இதையும் சொல்கிறேன். அந்த ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துவிட்டதே என்று.

மீட்புக் குழுவினர் காற்று தணியும்வரை யாரும் போகக் கூடாது என்றார்கள். ரெய்டாரும் அதையே சொன்னார். டோர்குன் ஏற்கெனவே பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏய், உனக்குப் பைத்தியமா?" என்றார் ரெய்டார். "அவன் பள்ளத்தாக்குல பொறந்து வளந்தவன். உன்னைவிட அவனுக்குப் புயல் தெரியும்."

"அப்ப நீ உக்காந்து வாஃபிள் தின்னு. வெளக்கு என் பொறுப்பு."

"வெளக்கு எரியுதுல்ல?"

"எரியுறதாலதான் போறேன்."

நான் அவள் பின்னால் வெளியே போனேன். ஸ்கூட்டரின் பின்வண்டியில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டிருந்தாள், காற்றில் அது நிற்கவில்லை. மறுமுனையை நான் பிடித்தேன். அங்கே நாங்கள் இருவர் மட்டும். காற்றின் சத்தத்தில் நான் எதைச் சொல்லியிருந்தாலும் அவளைத் தவிர யாருக்கும் கேட்டிருக்காது.

"ஓட்மார், அந்த ஆளைத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். அடைஞ்சு போயிட்டா அவன் என்ன பண்ணுவான்? எடத்துலயே இருப்பானா, ஆத்துப் பக்கம் எறங்குவானா?"

நான் யோசித்தேன். அவள் சரியான பதிலுக்குத் தகுதியானவள்.

"எடத்துலயே இருப்பாரு," என்றேன். "நாய்ங்கள நடுவுல விட்டுட்டுப் போகமாட்டாரு."

"அதான் நானும் நினைச்சேன். லெட்டர்ல அப்படித்தான் எழுதுவான்." சிரித்தாள். "எனக்கு எழுதுவான், தெரியுமா? நீ குடுக்கிறதோட சரின்னு நினைச்சியா, கிழவா?"

அவள் குடுவையில் நான் காப்பி நிரப்பிக் கொடுத்தேன். தார்ப்பாய்க்கு இரட்டை முடிச்சுப் போட்டேன். மூன்றாம் நாள் பிளவுப்பாறைக்குக் கீழே நீங்கள் அவளையும் ஸ்கூட்டரையும் கண்டெடுத்தபோது அந்த முடிச்சு அவிழாமல் இருந்தது என்று உங்கள் அறிக்கையில் படித்தேன். ஸ்கூட்டரின் தண்டு முறிந்தபின் அவள் முந்நூறு மீட்டர் நடந்திருக்கிறாள். ஊர் இருக்கும் திசையில் அல்ல, பாறை இருக்கும் திசையில். கோட்டுக்குள் ஒரு ஜோடிப் புதிய கையுறை இருந்தது. சாம்பல் நிறம், நீல வரி.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கணக்கு எளிது. நான் சொல்லியிருந்தால் புறப்பட்டவை பதினொன்று. பந்தயம் செல்லாது. அந்தப் பதினோரு பேரும் புயலில் ஓட்டி வந்தது வீண். நாங்கள் அட்டவணையிலிருந்து வெளியே. அவள் அரை மணியில் திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். அரை மணி ஆனபோது இன்னொரு அரை மணி என்று நினைத்தேன். பிறகு அறுபது பேர் நான்கு நாட்கள் ப்ரென்னாவைத் தேடினார்கள். நானும் தேடினேன். அவர் கிடைக்கவில்லை. நல்ல ஓட்டுநர்.

இப்போது நினைவுக்கல்லில் இரண்டு பெயர்களும் சேர்ந்து இருக்கின்றன. அவளுக்கு அது பிடித்திருக்கும். கோரே, கோடாலிக் கணக்கைத் தான் மறந்துவிட்டதாகக் கல்லின் முன்னால் உரக்கச் சொன்னான். விளக்கை யார் அணைப்பது என்று முடிவாகவில்லை. அது இன்னமும் எரிகிறது. மண்ணெண்ணெய் ஊற்றுவது நான். நீங்கள் வரும்போது பார்த்திருப்பீர்கள்.

ஆகவே உங்கள் படிவத்தில் இப்படி எழுதிக்கொள்ளுங்கள். ஹால்வர் ப்ரென்னா என்று ஒருவர் இல்லை, ஒருபோதும் இருந்ததில்லை. அவரை உண்டாக்கியது நான். அவள் அவரைத் தேடிப் போனபோது, தேட யாரும் இல்லை என்று தெரிந்தே அனுப்பியதும் நான்தான். கடிதங்கள் என்னுடையவை. கையுறைகளும் என்னிடம்தான் இருக்கின்றன, ஆறு ஜோடி. அளவு எனக்குச் சரியாக இருந்தது.

எழுதியாயிற்றா? திருத்தம் எதுவும் இல்லை. கையெழுத்துப் போடுகிறேன். ஒரு சின்ன உதவி மட்டும். கையெழுத்துக்கான தாளை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு கொண்டு வந்தால் நன்றாக இருக்கும். இந்தப் பருவத்துக்கான பெயர்ப் பதிவு வெள்ளி மாலை ஐந்து மணியோடு முடிகிறது. இதுவரை பதினோரு பேர் கொடுத்திருக்கிறார்கள்.

நீங்கள் உறவினரைக் கேட்டீர்கள் அல்லவா. இந்த இழுப்பறையில் ஒரு பந்தயப் பதிவுப் படிவம் இருக்கிறது, நாய்களின் பெயர்கள் மட்டும்தான் பாக்கி. ப்ரென்னாவுக்கு ஒரு தம்பி.